மெர்லுடைய ரெட் டெவில் ஜோடி

ஆஸ்திரேலியாவின் வையாலா ஊரில் மெர்ல் பாஸ்கோவின் கார் ஷெட்டில் கார் நின்று வெகு காலமாயிற்று. இரும்பாலையில் கிரேன் ஓட்டிவிட்டு வந்ததும் அவள் நேராகப் போவது அங்கிருந்த மீன் தொட்டிகளிடம்தான். மூலையிலிருந்த பெரிய தொட்டியில் ரெஜ் தனியாக இருந்தான். ரெட் டெவில் என்ற முரட்டு மீன் சாதி. உள்ளங்கையைவிட நீளம், நெற்றியில் முட்டைபோல ஒரு புடைப்பு.

மீன் வளர்ப்போர் சங்கத் தலைவர் டிரெவர் நான்கிவெல் அவனுக்கென்று கொடுத்த முதல் பெட்டை இரண்டே நாளில் செத்தது. இரண்டாவதும் துடுப்பெல்லாம் கிழிந்து மிதந்தபோது மெர்லுடைய கணவன் லெஸ் தலையில் அடித்துக்கொண்டான்.

"பெண்டாட்டியக் கொல்றவன வீட்ல வச்சுக் கொஞ்சுறியே மெர்ல்! பேசாம தலை முழுகு."

மெர்ல் குனிந்து அதை வலையில் அள்ளினாள். செத்த மீனை ஈரத் துணியில் மல்லாக்கப் போட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு அடிவயிற்றைப் பார்த்தாள். பிறகு வலை போட்டு ரெஜ்ஜையே பிடித்தாள். விரலைக் கடித்து ரத்தம் வரவைத்தான். விடாமல் புரட்டிப் பார்த்தாள். மலத்துவாரத்துக்குப் பின்னால் சின்னதாய், கூராய் ஒரு காம்பு. செத்ததிலும் ஆணுக்குரிய அதே கூர்தான்.

"லெஸ், இங்க வா. இது பொண்ணே இல்ல. ஆம்பளை! அவன் வீட்டுக்குள்ள இன்னொருத்தன விட்டா சும்மா இருப்பானா?"

அந்த ஞாயிறு டிரெவரின் வீட்டில் சங்கத்தார் கூடி சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தார்கள். மெர்ல் சொன்னதைக் கேட்டு டிரெவர் சிரித்தார்.

"சின்னதா இருந்தா பொட்டை, பெருசா இருந்தா கடா. முப்பது வருஷமா நான் அப்படித்தான் பிரிக்கிறேன் கண்ணு."

"அடி வாங்கி ஒடுங்கினா கடாவும் சின்னதாத்தான் இருக்கும், டிரெவர். உன் தொட்டியத் திற."

எல்லோரும் சுற்றி நிற்க, கையை நனைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினாள். கூர், கூர், மறுபடி கூர். கடைசியில் டிரெவர் கடா என்று ஒதுக்கிவைத்திருந்த ஒன்றில் காம்பு அகலமாய், மழுங்கலாய் இருந்தது. "இவதான் பொண்ணு" என்று அதை வாளியில் விட்டாள். டிரெவர் காது வரை சிவந்தாலும் வாளி மூடியை அவரே எடுத்துக் கொடுத்தார்.

பெண் என்பதற்காக ரெஜ் சும்மா விடமாட்டான் என்று மெர்லுக்குத் தெரியும். தொட்டியிலிருந்த கற்களையெல்லாம் இடம் மாற்றி அடுக்கினாள். பழைய எல்லை எது என்று அவனுக்கே புரியக் கூடாது. கூரை விளக்கை மூடும் சல்லடைபோல் கட்டங்கட்டமான பிளாஸ்டிக் தட்டியை வெட்டி நடுவே தடுப்பாக நிறுத்தினாள். அதில் ஒரு ஓட்டை, ரெஜ்ஜைவிடச் சிறிய பெட்டை நுழையும் அளவுக்கு மட்டும். பிறகு பெட்டையை உள்ளே விட்டாள்.

ரெஜ் பாய்ந்தான். பெட்டை சட்டென்று ஓட்டை வழியே தன் பக்கம் போய்விட்டாள். துரத்திப்போனவனின் நெற்றிப் புடைப்பு தட்டியில் முட்டியது.

"மாப்ளே, வாசல் கதவு உனக்கில்ல!" என்று லெஸ் விழுந்து விழுந்து சிரித்தான். அதற்குப் பிறகு தினமும் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

வாரங்கள் போயின. பெட்டை அடிபடாமல் தின்று கொழுத்தாள். ஒரு காலையில் தானாகவே ஓட்டையைத் தாண்டி வந்து அவனுக்கு எதிரே நின்றாள். இருவரும் வாயோடு வாய் கவ்வி இழுத்தார்கள். மெர்ல் பிரித்துவிடத் தயாராக வலையைக் கையில் பிடித்தபடி நின்றாள். இந்தத் தடவை ரெஜ் கடிக்கவில்லை. திரும்பிப் போய்த் தட்டைக் கல் ஒன்றை முட்டையிடுவதற்காக வாயால் துடைக்க ஆரம்பித்தான், அவளும் சேர்ந்துகொண்டாள்.

முட்டை பொரித்துக் குஞ்சுகள் மேகம்போல நீந்திய வாரம், சங்கம் மொத்தமும் ஷெட்டில் நெருக்கியடித்து நின்றது. யாரோ கண்ணாடியருகே விரலைக் கொண்டுபோக, குஞ்சுகளுக்கு முன்னால் ரெஜ் செவுளை விரித்துச் சீறினான்.

"என்னா அப்பன்டா இவன்!" என்றார் டிரெவர். பிறகு மெர்லிடம் திரும்பினார். "நாளைக்கு என் தொட்டி மீனுங்க எல்லாத்தையும் கொண்டாரேன். ஆணு பொண்ணு பாத்துப் பிரிச்சுக் குடுப்பியா?"

"பெரிய வாளியா எடுத்துட்டு வா" என்றாள் மெர்ல். அன்று முழுக்க அவள் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கவேயில்லை.