சுடாத சித்தரின் கை

வீட்டுச் சாமான்கள் விற்கிற அந்த மூன்று மாடிக் கடையில் இண்டக்‌ஷன் அடுப்பு எந்தப் பக்கம் என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. படியேறி மேலே வந்தாலே ஒரு குரல் வந்து காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். "வாங்கம்மா, வாங்க சார்! நெருப்பே இல்லாம சமையல்! புகை இல்ல, கரி இல்ல, கவலை இல்ல!" குரலுக்குச் சொந்தக்காரர் வழித்துச் சீவிய தலையும் கழுத்தை நெரிக்கிற டையுமாக மேஜைக்குப் பின்னால் நிற்பார். கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'சுடாத சித்தர்'. அது கேலி என்று அவருக்கு உறைக்கவே இல்லை. ஏதோ பட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

பெயருக்குக் காரணம் அவர் காட்டுகிற வித்தை. அடுப்பின் கண்ணாடி மேல் செய்தித்தாளை விரிப்பார். அதன் மேல் தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தை வைத்துப் பொத்தானை அமுக்குவார். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், தாள் சமர்த்தாக இருக்கும். கூட்டம் வாயைப் பிளந்து நிற்கும்போது பாத்திரத்தைத் தூக்கி, தாளை உருவி, கண்ணாடி மேல் உள்ளங்கையைப் பொத்தென்று வைப்பார். "சுட்டுச்சா? சுடலையே!" உலகத்தையே ஜெயித்துவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு வேறு. அவர் கை வைத்த இடம் பாத்திரம் உட்கார்ந்திருந்த வட்டம் இல்லை, அதற்கு நாலு விரல் தள்ளி, சூடு எட்டாத ஓரம். அதை யார் கவனிக்கப் போகிறார்கள்? சிரிப்பைப் பார்ப்பார்களா, விரலைப் பார்ப்பார்களா?

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் அனுபவசாலி. அடுப்புக்கு முன்னால் தூசி உறிஞ்சுகிற மெஷின் விற்றவர். ஒரு வீட்டில், "இப்ப பாருங்க" என்று புது விரிப்பில் ஒரு டப்பா மண்ணைக் கொட்டிய அதே நிமிஷம் கரண்ட் போய்விட்டது. அந்த வீட்டுத் துடைப்பத்தையே கடன் வாங்கிப் பெருக்கிக் கொடுத்துவிட்டு வந்தார். அதையும் பெருமையாகத்தான் சொல்லுவார்.

வித்தை காட்டி முடித்ததும் அறிவுரை ஆரம்பமாகும். "தனி பிளக்குல போடுங்கம்மா. எக்ஸ்டென்ஷன் வயர் ஆகவே ஆகாது. சுவத்தோட ஒட்டி வைக்காதீங்க, அடியில இருக்கிற ஃபேன் மூச்சு விடணும். அடி தட்டையா இருக்கிற பாத்திரமா பாத்து வைங்க. எண்ணெய் வச்சுட்டு அந்தாண்ட இந்தாண்ட போகாதீங்க." அடேயப்பா, கேட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். அதே மகானுடைய வீட்டில் அடுப்பு இருந்த லட்சணத்தையும் கேளுங்கள். ஹாலில் ஒரு குட்டை மேஜை. மேஜைக்கு பிளாஸ்டிக் விரிப்பு. அதன் மேல் சுவரை முட்டிக்கொண்டு அடுப்பு. டிவியும் ஃபிரிட்ஜும் ஏற்கெனவே குடித்தனம் நடத்துகிற எக்ஸ்டென்ஷன் வயரில் இதுவும் மூன்றாவது குடித்தனம். கண்ணாடி அழுக்காகக் கூடாதே என்று பாத்திரத்துக்கு அடியில் எப்போதும் ஒரு செய்தித்தாள். தாள் எரியாது என்று தினமும் ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அதை முழுசாக நம்பின ஒரே ஆள் அவர்தான்.

இந்த அடுப்பை வைத்து அந்த வீட்டில் ஓயாத சண்டை ஒன்று இருந்தது. அவர் மனைவிக்குத் துணி தைக்கிற கம்பெனியில் இஸ்திரி போடுகிற பிரிவில் வேலை. மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் சாயங்காலம் இரண்டு பேருக்கும் முன்னால் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவள் தானே பால் காய்ச்சிக் குடிக்கட்டும் என்பது இவர் கட்சி.

"பொம்மை மாதிரிம்மா அது. நெருப்பா, ஒண்ணா? பயப்படறதுக்கு என்ன இருக்கு?"

"நெருப்பு இல்லைங்கறதுதாங்க பயமே. நெருப்புன்னா புள்ளைக்குக் கண்ணுக்குத் தெரியும். எங்க செக்‌ஷன்ல சூடான பெட்டியும் ஆறின பெட்டியும் பாக்க ஒண்ணாத்தான் இருக்கும். நாங்க எல்லாத்தையும் சூடுன்னுதான் வச்சுக்குவோம். பாப்பா அதுகிட்ட போகக்கூடாது, அவ்ளோதான்."

"உனக்கு எல்லாத்துக்கும் பயம்" என்று ஒரே வார்த்தையில் பேச்சை முடித்துவிடுவார். மகளோ முழுக்க முழுக்க அப்பா கட்சி. ஒரு நாள் கடைக்கு வந்து வித்தையைப் பார்த்தவள், கைதட்டிக் கைதட்டி உள்ளங்கை சிவந்து போய்த்தான் வீட்டுக்குத் திரும்பினாள். பள்ளிக்கூடத்தில், எங்கப்பாவுக்கு அடுப்பே சுடாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்காவும் அத்தானும் வந்தார்கள். அத்தானுக்குப் பைக் உதிரி பாகக் கடை, வாய்க்கு மட்டும் உதிரி பாகமே தேவைப்படாது. மனைவி மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போயிருந்தாள். நம்மாள் விடுவாரா? சபை கூடிவிட்டதே! வீட்டிலேயே பெரிய வாணலியை, அதுவும் கண்ணாடியையே மறைக்கிற அகலத்தில் தட்டை அடி வைத்ததை, செய்தித்தாள் மேல் ஏற்றி எண்ணெயைக் காயவைத்து உருளைக்கிழங்கு பொரிக்க ஆரம்பித்தார்.

"நெருப்பு இல்லாம எப்படி மாப்ளே வேகும்?" என்றார் அத்தான், வெந்ததையே தின்றுகொண்டு.

"அதான் அத்தான் விஞ்ஞானம்."

விஞ்ஞானம் கொஞ்ச நேரத்தில் வாடை அடித்தது. கிழங்கு வாடை என்று இவர் சாதித்தார். கொதிக்கிற தண்ணீர் ஒரு அளவுக்கு மேல் சூடாகாது, எண்ணெய்க்கு அந்த மரியாதை எல்லாம் கிடையாது. வாணலியை இறக்கிப் பார்த்தால், தாளின் நடுவில் முறுகலாக ஒரு பழுப்பு வட்டம். அவசரமாக உருவிக் கசக்கிப் பின்னால் ஒளித்தார். அத்தான் கண்ணிலா மண்ணைத் தூவ முடியும்?

"என்ன மாப்ளே, எரியாத பேப்பரையும் சேத்து வறுத்துட்டீங்க போல?"

"பேப்பர் பழசு அத்தான். கண்ணாடியில சூடே இல்ல."

"அப்படியா? எங்க, கைய வைங்க பாப்போம். கடையில வைப்பீங்களாமே!"

சுடாத சித்தர் கையைத் தூக்கினார். கண் ஓரத்தைத் தேடியது. வாணலி மூடியிருந்த கண்ணாடியில் அன்றைக்கு ஓரம் என்று எதுவும் மிச்சமில்லை. அடுப்பின் முகப்பில் சிவப்பாக ஒரு எழுத்து மினுக்கிக்கொண்டிருந்தது. இன்னும் சூடு இருக்கிறது, தொடாதே என்று அதற்கு அர்த்தம். அதை அவரே எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறார். தூக்கிய கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"கை ஈரமா இருக்கு அத்தான். அப்புறம் வைக்கிறேன்."

அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். அக்காவும், தம்பியாச்சே என்று பார்க்காமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகளுக்கு மட்டும் முகம் செத்துப்போனது. அவளால் அதைத் தாங்க முடியவில்லை.

"எங்கப்பாவுக்கு ஒண்ணும் சுடாது! யாருக்குமே சுடாது! பாருங்க மாமா!"

அப்பா வைக்கிற மாதிரியே, பொத்தென்று வைத்தாள்.

அலறல் மாடிக்குக் கேட்டது. மனைவி துணியைப் போட்டது போட்டபடி ஓடி வந்தாள். அதற்குள் அத்தான் பற்பசை என்றார், அக்கா மாவு என்றாள், ஆளாளுக்கு வைத்தியர் ஆகியிருந்தார்கள். "யாரும் எதையும் பூசாதீங்க!" என்று ஒரே அதட்டல். பிள்ளையை அள்ளிக்கொண்டு போய்க் குழாயடியில் கையைப் பிடித்தாள். எல்லாரும் போதும் போதும் என்று சொல்லியும் அவள் பிள்ளையின் கையை எடுக்க விடவில்லை, தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. சித்தர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுவதற்குக்கூட வெட்கமாக இருந்தது.

டாக்டர் கொப்புளத்துக்கு மருந்து வைத்துக் கட்டினார். விரலெல்லாம் தப்பித்தது, ஆறிவிடும் என்றார். வீட்டுக்கு வந்தபின் மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். மகள்தான் கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, சுடும்னு உங்களுக்குத் தெரியுமா?"

கடையில் எந்தக் கேள்விக்கும் அவரிடம் ஒன்பது பதில் இருக்கும். இதற்கு ஒன்றுதான் இருந்தது.

"தெரியும்மா."

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவர் எழுந்து போய் அடுப்பை ஹாலிலிருந்து எடுத்தார். சமையலறை மேடையில், சுவரை விட்டுத் தள்ளி, தனி பிளக்கில், மகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தார். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கடையில் நல்ல கூட்டம். குரலில் பழைய ஜோர் இல்லை, ஆனாலும் பாத்திரம் ஏறியது, தண்ணீர் கொதித்தது. செய்தித்தாளை மட்டும் அவர் விரிக்கவே இல்லை. முன்னால் நின்ற ஒரு அம்மா கணவரை இழுத்து வந்திருந்தாள்.

"கைய வைங்க சார். போன வாரம் வச்சீங்கள்ல, இவரு நம்ப மாட்டேங்கறாரு."

மாடி மேனேஜர் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சித்தர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வைக்க மாட்டேம்மா. சுடும்."

"என்ன சார் இது? சுடாதுன்னு நீங்கதான வச்சுக் காமிச்சீங்க! நாங்க எல்லாம் நம்பிட்டுப் போனோமே!"

"ஓரத்துல வச்சேம்மா" என்றார் அவர். "என் பொண்ணும் நம்பிட்டா."