பெரியப்பா தேடி எடுத்த அச்சு

எங்கள் பெரியப்பாவுக்கு எதிலும் திறமானதுதான் வேணும். கத்தரிக்காய் வாங்கினாலும் ஒவ்வொன்றாகக் காம்பைத் திருப்பிப் பார்ப்பார். கார் வாங்கினால் கதவை அடித்து அடித்துச் சாத்திச் சத்தத்தைக் கேட்பார். மற்றவர்களின் வீட்டில் இருப்பதெல்லாம் அவருக்குக் குப்பைச் சாமான். அந்த மனிதர் தொண்ணூறுகளின் நடுவில் திடீரென்று மான் வேட்டைக்காரர் ஆனார். பிக்கரிங்கில் புது வீடு வாங்கி, காலையில் ரயிலேறி டொரொன்டோவுக்கு வேலைக்குப் போகிற யாழ்ப்பாணத்து மனிதருக்கு மானோடு அப்படி என்ன கோபம் என்று ஒருவரும் கேட்கவில்லை. வேலையிடத்துச் சுப்பவைசர் வேட்டைக்குப் போகிறவன். அவனோடு காட்டுக்குப் போய் வந்தால்தான் தானும் முழுக் கனடாக்காரன் என்பது பெரியப்பாவின் கணக்கு.

அப்போது நானும் அம்மாவும் அவருடைய பேஸ்மன்டில் இருந்தோம். அப்பா கொழும்பில் நின்றார். அப்பாவைக் கனடாவுக்குக் கூப்பிடுகிற அலுவல் முழுக்கப் பெரியப்பாவின் கையில் இருந்தது. அதனால் அந்த வீட்டில் அம்மா வாய் திறப்பதில்லை. சோறு காணாது என்றுகூடச் சொல்லமாட்டா.

பெரியப்பா வாங்கிய துவக்கு பழசு. கடையில் விற்கிற சன்னம், அதுதான் குண்டு, அதற்கு எடுபடாதாம். ஈயம் உருக்கித் தானே வார்க்கவேணும், அதற்குச் சொல்லிச் செய்வித்த அச்சு வேணும் என்று சுப்பவைசர் ஓதிவிட்டான். தபாலில் அச்சு விற்கிறவர்களின் கற்றலொக்குகள் வரத் தொடங்கின. பெரியப்பாவின் இங்கிலீசு வேலையிடத்தோடு சரி. நான் அஞ்சாம் வகுப்பு. ஆகவே, "வா பிள்ளை, உதை வாசிச்சுச் சொல்லு" என்று என்னைச் சோபாவில் பக்கத்தில் இருத்துவார். பித்தளை அச்சோ அலுமினியமோ, முனை மொட்டையோ கூரோ என்று நாங்கள் இரண்டு பேரும் கலியாணத்துக்குக் கூறை எடுக்கிற மாதிரிப் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். முதலில் வந்த அச்சை அவர் யன்னலடியில் பிடித்துப் பார்த்து, இரண்டு பாதிக்கும் நடுவில் மயிரளவு வெளிச்சம் தெரியுது என்று திருப்பி அனுப்பினார். பிறகு வேறொரு இடத்தில் பித்தளையில் செய்வித்தார். அது வந்த அன்று அவருக்குப் பிள்ளை பிறந்த சந்தோசம்.

இனி மாமாவைப் பற்றிச் சொல்லவேணும். அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பி. அதற்கு முந்தின வருசம் ஊரில் பாண் வாங்கச் சைக்கிளில் போனவரை ஆமி சுட்டுப் போட்டது. செத்தவீட்டுக்கு அம்மாவால் போக முடியவில்லை, முகமும் பார்க்கவில்லை. ரெலிபோனில் வந்த ஒரு வசனம்தான் அம்மாவுக்கு மிஞ்சியது: "ஒரு பக்கத்தால போய் மற்றப் பக்கத்தால வந்திட்டுதாம், தம்பிக்கு நோவே தெரிஞ்சிருக்காதாம்." துக்கம் கேட்க வந்த எல்லாருக்கும் அம்மா அதைச் சொன்னா. பிறகு சும்மா வந்தவர்களுக்கும் சொன்னா. அம்மா ஒரு சொல்லும் மாற்றாமல் சொல்லுவா. எனக்கு அது தேவாரம் போலப் பாடம்.

சரஸ்வதி பூசை வந்தது. மேல் வீட்டில் கற்பூரம் கொளுத்தினால் நெருப்பு அலாரம் கத்தும் என்று சாமித்தட்டு எங்கள் பேஸ்மன்டில்தான் இருந்தது. அதற்குப் பக்கத்துச் சுவரில் மாமாவின் படம். என்னுடைய புத்தகங்கள், பெரியம்மாவின் தையல் கத்திரிக்கோல், கார்த் திறப்பு எல்லாம் தட்டில் அடுக்கியாயிற்று. பெரியப்பா பித்தளை அச்சைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். "ஆயுதபூசைக்கு உதைவிட என்ன ஆயுதம் வேணும்" என்று சிரித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் சந்தனம் வைக்கும்படி அம்மாவிடம் சொல்லிப்போட்டுக் குளிக்கப் போனார். அந்தப் படத்தை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மூளை இல்லாத மனிதர் என்று சொல்ல எனக்கு விருப்பம். ஆனால் மூளையெல்லாம் நிறையவே இருந்தது.

அம்மா புத்தகங்களுக்குச் சந்தனம் வைத்தா, கத்திரிக்கோலுக்கு வைத்தா, அச்சிலே கை நின்றது.

"உதிலை வாற சன்னம் என்ன மாதிரிப் போகும்?" என்று கேட்டா.

அம்மா என்னிடம் ஒரு விளக்கம் கேட்டது அதுதான் முதல்தரம். எனக்குத் தலைகால் தெரியவில்லை. வாசித்ததெல்லாம் கொட்டினேன். உது உள்ளே போய் விரியும், அங்கேயே நிற்கும், மான் உடனே விழும் என்றேன்.

"ஒரு பக்கத்தால போய் மற்றப் பக்கத்தால வந்திட்டா?"

"அது கூடாதாம் அம்மா. அப்பிடிப் போனா உடன சாகாதாம். நோவோட கனதூரம் ஓடி, எங்கயாவது பத்தைக்குள்ள விழுந்துகிடந்துதான் சாகுமாம். அதாலதான் பெரியப்பா திறமா அச்சு எடுத்தவர்."

அம்மா விரலில் சந்தனம் காயும்வரை நின்றா. பிறகு திரும்பவும் தொட்டு, அச்சுக்கும் ஒரு பொட்டு வைத்தா. வேறென்ன செய்வா, அப்பா கொழும்பில் நிற்கிறார். பெரியப்பா ஈரத்தலையோடு வந்து கற்பூரம் காட்டினார். நான் சகலகலாவல்லிமாலை பாடினேன். பெரியப்பா என் குரலை மெச்சினார்.

நவம்பரில் அவர் காட்டுக்குப் போய்த் தடிமன் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். மானைக் கண்ணாலும் காணவில்லை. அச்சு கராஜுக்குள் போயிற்று. அவ்வளவுதான் அவருடைய வேட்டை.

ஆனால் பூசை அன்று பின்னேரம் டோர்செட் பார்க்கிலிருந்து ஒரு அன்ரி வந்திருந்தா. அம்மாவோடு ஊரில் படித்தவ. அவலும் கடலையும் சாப்பிட்டுக்கொண்டே படத்தைப் பார்த்து, "தம்பிக்கு எப்பிடியப்பா நடந்தது?" என்று மெதுவாகக் கேட்டா. நான் அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா, "ஆமியின்ர சூடு பட்டவன்" என்றா. அதோடு நிறுத்திவிட்டா.

அன்ரி பார்த்துக்கொண்டே இருந்தா. அம்மா குனிந்து தரையில் சிந்திய அவலைப் பொறுக்கினா. அம்மாவுக்கு மிச்சம் மறந்துபோச்சு என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் பாட்டு மறந்து நிற்கிற பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்கிற மாதிரி, பெலத்து, சந்தோசமாக, "ஒரு பக்கத்தால போய் மற்றப் பக்கத்தால வந்திட்டுதாம், தம்பிக்கு நோவே தெரிஞ்சிருக்காதாம்" என்று நானே சொல்லி முடித்தேன்.