மண்டபத்துக்காரர் கூப்பிடவில்லை

எங்கள் வைத்திக்குப்பத்தில் கல்யாணம் என்றால் மீன்பிடித் தடைக்காலத்தில்தான். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த இரண்டு மாதம்தான் அப்பா, மாமா, அண்ணன் என்று எல்லா ஆண்களும் கரையில் இருப்பார்கள். ஒரே சிக்கல், பக்கத்துக் குருசுக்குப்பமும் அப்படித்தான் நினைக்கும். கடலோரம் முழுக்க அப்படித்தான் நினைக்கும். ஆகவே வைகாசி பிறந்துவிட்டால் புதுச்சேரியில் மாப்பிள்ளை கிடைத்தாலும் கிடைப்பார், மண்டபம் கிடைக்காது.

எனக்கு மாப்பிள்ளை கிடைத்துவிட்டார். உழவர்கரைக்காரர். ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து, பிடித்துப்போய், இரண்டு வீட்டையும் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருந்தோம். அப்பா இல்லாத அவருக்கு எல்லாமே தாய்மாமாதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். சொல்தா மாமா போட்டது ஒரே ஒரு நிபந்தனை, ஏசி மண்டபம். பாரீசிலிருந்து வரும் அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு வேர்க்கக் கூடாதாம்.

மண்டபம் பார்க்க அம்மாவும் நானும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். அம்மா மீன் விற்கிறவள். பேரம் படியாமல் போகிறவரின் காலைப் பார்த்தே, திரும்பி வருவாரா மாட்டாரா என்று சொல்லிவிடுவாள். நிஜமாகப் போகிறவர் விறுவிறுவென்று போவாராம். கூப்பிடட்டும் என்று போகிறவர் நின்று நின்று செருப்பைச் சரிசெய்துகொண்டே போவாராம். அம்மா யாரையும் கூப்பிட்டதில்லை. "போறவங்கள கூப்ட்டா, மீனு நாறிப்போச்சுன்னு நெனப்பாங்க" என்பாள்.

முதல் மண்டபத்தில் அசைவம் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். "அப்போ எங்க ஜனம் எதுக்கு வரும், மேளம் கேக்கவா?" என்று அங்கேயே கேட்டுவிட்டாள். அடுத்த மண்டபத்தில் வாடகையைச் சொன்னதும் சிரித்தாள். சொன்னவர் விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். மூன்றாவது உழவர்கரைப் பக்கம் இருந்தது. ஏசி இருந்தது, அசைவத்துக்குத் தடையில்லை, எங்கள் முகூர்த்த நாளும் காலி. பல்லைக் கடித்துக்கொண்டால் வாடகையையும் கட்டிவிடலாம். அம்மா பாதி விலைக்குக் கேட்டாள். மேனேஜர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "சரி, நாங்க வரோம்" என்று அம்மா எழுந்தாள். வாசலில் கண்ணெதிரே கிடந்த செருப்பைத் தேடித் தேடி மாட்டினாள். ஸ்கூட்டரில் ஏறியதும், "வண்டிய எடுக்காதடி, இப்போ கூப்டுவாரு" என்றாள். வெயிலில் நின்றோம். கடைசியில் வாட்ச்மேன்தான் வந்தார், வழியை மறிக்காமல் வண்டியை எடுக்கச் சொல்லி.

மறுநாள் முழு வாடகைக்கும் சம்மதித்துப் போனோம். முந்தின சாயங்காலமே குருசுக்குப்பத்துக்காரர் யாரோ அட்வான்ஸ் கொடுத்துவிட்டாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அம்மாவை அங்கேயே இறக்கிவிட்டு வந்திருப்பேன். ஆனால் அவள் முகம் ஏற்கெனவே செத்துப்போயிருந்தது.

மிச்சம் இருந்தது எங்கள் குப்பத்து மீன் ஏலக்கொட்டகை. தடைக்காலத்தில் அது காலியாகத்தான் கிடக்கும். நல்ல அகலம், சிமெண்ட் தரை, கடல் காற்று. பினாயில் போட்டுக் கழுவினால் பாதி வாசனை போய்விடும். இதைச் சொல்லத்தான் சொல்தா மாமாவை வீட்டுக்கு அழைத்தோம்.

"ஏலக்கொட்டாயா? பாரீஸ்லேந்து வர்ற புள்ளைங்கள அங்கயா ஒக்கார வெப்பேன்? இந்தச் சம்பந்தமே வேணாம்" என்று எழுந்துவிட்டார்.

"மாமா" என்று கூப்பிட வாயைத் திறந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவள் உள்ளங்கை சொதசொதவென்று நனைந்திருந்தது. "கூப்டாத. செருப்ப பாரு" என்றாள் காதோடு காதாக.

மாமா செருப்பின் வாரை மாட்டினார், கழற்றினார், மறுபடியும் மாட்டினார். கேட் வரைக்கும் போனார். அங்கே நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கடலிலிருந்து நல்ல காற்று அடித்தது. கொட்டகை இருக்கும் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு திரும்பி, "ஸ்டாண்ட் ஃபேன் எத்தினி வெப்பீங்க?" என்று கேட்டார்.

"நீங்க எத்தினி சொல்றீங்களோ அத்தினி. உள்ள வாங்கண்ணே, காப்பி ஆறுது" என்றாள் அம்மா, ஒன்றுமே நடக்காதது போல.

கல்யாணத்தன்று பாரீஸ் பிள்ளைகள் கொட்டகைக்குள் உட்காரவே இல்லை. கரையில் கிடந்த படகுகளில் ஏறிக் குதித்து, வேர்த்து விறுவிறுத்து, வஞ்சிரம் வறுவலுக்கு மட்டும் உள்ளே வந்தார்கள். சொல்தா மாமா ஒரு ஃபேனை முழுசாகத் தனக்கே திருப்பி வைத்துக்கொண்டார்.

மணமேடைக்குப் போகுமுன் அம்மா எனக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு மாமா நெஜமாவே போயிருந்தா இன்னாமா பண்ணியிருப்ப?" என்று கேட்டேன்.

"வெறுங்காலோட ஓடிப்போய் கால்ல வுழுந்து கூட்டியாந்திருப்பேன்."

"அப்போ எதுக்கு செருப்ப பாருன்ன?"

"மீனு வாங்க வர்றவங்கன்னா தெரியும்டி. அன்னைக்கு எனுக்கு செருப்பா தெரிஞ்சிது? கண்ணே தெரியல" என்றாள்.