அத்தான் சொன்ன தீர்ப்பு

ஒரு கால் டாலர் நாணயம் மேசைமேல் சுழன்று விழுந்தது. அந்த நாளை நினைத்தால் அதுதான் முதலில் கண்ணுக்குள் வருகிறது. நியூ ஜெர்சியில் ஒரு உயர்நிலைப் பள்ளியின் வகுப்பறை, சனிக்கிழமை மாலை. கோட்டுப் போட்ட நான்கு பிள்ளைகள் அந்த நாணயத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூ விழுகிறதா தலை விழுகிறதா என்பதைப் பொறுத்து, ஈராக்கிலிருந்து அமெரிக்கப் படைகள் உடனே திரும்ப வேண்டும் என்று பேசுவது எந்த அணி, கூடாது என்று பேசுவது எந்த அணி என்பது முடிவாகும். நாடே இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டிருந்த கேள்வி அது. டிவியைப் போட்டால் அதுதான், ரயிலில் ஏறினால் அதுதான். இங்கே என்னடாவென்றால் காசைச் சுண்டிப் பிரித்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தான் சிரிக்கவில்லை. அன்று நாங்கள் இருவரும் அந்தப் போட்டிக்கு நடுவர்கள்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். திருநெல்வேலிக்காரர். வெஸ்ட் வின்ட்சரில் வீடு, தினமும் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறி நியூயார்க்கில் ஒரு வங்கியில் கணினி வேலை. இதெல்லாம் பிழைப்புக்கு. அவருடைய உயிர் பட்டிமன்றத்தில் இருந்தது. கல்லூரிக் காலத்தில் கோயில் கொடைத் திருவிழா மேடைகளில் விடிய விடியப் பேசியவர். இங்கே வந்த பிறகு பொங்கல் விழாவில் நடுவர் நாற்காலி அவருக்கென்றே ஆகிப்போனது. கடைசியில் எழுந்து, இரண்டு பக்கத்தையும் வாயாரப் புகழ்ந்து, யார் பக்கம் சாயப்போகிறார் என்று யாருக்கும் பிடிகொடுக்காமல் கால் மணி நேரம் இழுத்து, சட்டென்று ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்வார். கைதட்டலுக்கு எத்தனை நேரம் நிறுத்த வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியும். நான் அப்போது வேலை விசாவில் புதிதாக வந்திருந்தேன். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை, வார நாட்களில் அபார்ட்மெண்ட் தனிமை, வெள்ளிக்கிழமை வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீடு. கொழுந்தியாள் என்பதால் அவரைக் கேலி செய்ய எனக்கு உரிமை உண்டு; அதை நான் வீணாக்கியதில்லை.

அவர் அந்தப் போரை முதல் நாளிலிருந்தே எதிர்த்தவர். வார இறுதியில் யார் வீட்டு பேஸ்மெண்டில் சாப்பாடு என்றாலும், பிள்ளைகள் மேலே போனதும் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். அவருக்கு எதிர்க்கட்சி, கோயம்புத்தூர்ப் பக்கத்து இதய டாக்டர் அங்கிள் ஒருவர். அடுத்தவர் வீட்டுக்குள் புகுந்து எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுவிட்டு நடுவில் கிளம்பி வந்தால் அங்கே இருக்கிற சனங்களின் கதி என்ன என்று டாக்டர் கேட்பார். போனதே தப்பு என்கிறபோது இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் அது சரியாகிவிடுமா என்று அத்தான் கேட்பார். டாக்டர் பேசும்போது எனக்கு அவர் சொல்வது சரி என்று படும். அத்தான் பேசும்போது அத்தான் சொல்வது சரி என்று படும். ஓட்டும் இல்லாத, கிரீன் கார்டும் இல்லாத எனக்கு எதற்கு இந்த வம்பு என்று தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருப்பேன். அந்த பேஸ்மெண்டுகளில் உட்கார்ந்து பேசிய யார் வீட்டுப் பிள்ளையும் அந்தப் போருக்குப் போகவில்லை. நம் வீடுகளில் பிள்ளைகள் மெடிக்கல் காலேஜுக்குப் போகும். பட்டாளத்துக்குப் போகிற பேச்சே எழாது.

அக்கா மகன் பள்ளியின் விவாதக் குழுவில் சேர்ந்திருந்தான். போட்டிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பள்ளி, நடுவர்களாகப் பெரியவர்களையும் அனுப்ப வேண்டும் என்பது அங்கே நடைமுறை. பேச்சுக்கலை தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. யாராவது ஒரு அப்பா, ஒரு சித்தி போதும். அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் வார இறுதி டியூட்டி. அதனால் அத்தானும் நானும் போனோம். காலையில் எங்களையெல்லாம் ஒரு அறையில் உட்காரவைத்து அந்த ஊர் ஆசிரியை பாடம் நடத்தினார். உங்கள் சொந்தக் கருத்தைக் காரிலேயே வைத்துவிட்டு வாருங்கள். விஷயம் சரியா தப்பா என்று பார்க்காதீர்கள், எந்த அணி நன்றாக வாதாடியது என்று மட்டும் பாருங்கள் என்றார். அத்தான் முதல் வரிசையில் உட்கார்ந்து பெரிதாகத் தலையாட்டினார். அவர் மகனுக்குத்தான் நம்பிக்கை இல்லை. “அப்பா, ப்ளீஸ், நோ ஸ்பீச்” என்று சொல்லிவிட்டுத் தன் போட்டிக்கு ஓடினான்.

மத்தியானம் கேஃபிடேரியாவில் காபியும் டோனட்டும் விற்றுக்கொண்டிருந்தார் ஒரு அம்மா. வெள்ளைக்காரப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், களைத்த முகம். அத்தான் யாரிடமும் இரண்டு நிமிடத்தில் குடும்பக் கதையை வாங்கிவிடுவார். காபியோடு திரும்பி வந்தபோது அவர் முகமே வேறாக இருந்தது. அந்த அம்மாவின் மூத்த பையன் ஈராக்கில் இருக்கிறான், இரண்டாவது முறையாகப் போயிருக்கிறான், வரவேண்டிய தேதி தள்ளிப்போய்விட்டதாம். மகள் இங்கே விவாதத்தில் பேசுகிறாள், கடைசி வருஷம். “வீட்ல போன் அடிச்சா எடுக்கவே பயமா இருக்காம் பிள்ள” என்றார் என்னிடம். காபியைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டார். அத்தனை வருஷம் அந்தப் போரைப் பற்றிப் பேசியிருந்தாலும், அதில் ஒரு பையனைக் கொடுத்த தாயை அவர் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

மாலையில் நாக்அவுட் சுற்று. ஒரு அறைக்கு மூன்று நடுவர்கள். அத்தான், நான், வேறொரு பள்ளிப் பையனின் அப்பாவான ஒரு வக்கீல். ஜெயிக்கிற அணி மாநிலப் போட்டிக்குப் போகும். நாணயம் விழுந்தது. டாஸ் ஜெயித்த இரண்டு பையன்களும் படைகள் திரும்ப வேண்டும் என்கிற பக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். எதிரணியில் இரண்டு பெண்கள். அதில் உயரமான பெண் ஒரு நொடி உதட்டைக் கடித்தாள், பிறகு தன் தாள்களை மாற்றி அடுக்கிக்கொண்டாள். அப்போது கதவைத் திறந்துகொண்டு காபி விற்ற அம்மா வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அந்த உயரமான பெண்ணைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அந்தப் பெண்தான் அவர் மகள்.

அந்தப் பெண் பேசினாள். நான் அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ பேச்சுகளைக் கேட்டிருக்கிறேன். இத்தனை அமைதியாக ஒருவர் வாதாடி நான் கேட்டதில்லை. நம்மை நம்பி மொழிபெயர்த்துக் கொடுத்தவன் அங்கே இருக்கிறான், வழி காட்டியவன் இருக்கிறான், நமக்குத் தேநீர் கொடுத்த கடைக்காரன் இருக்கிறான், நாளைக்கே நாம் கிளம்பினால் முதலில் சாகப்போவது அவர்கள்தான் என்றாள். போனது தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அந்தத் தவறின் விலையை அவர்கள் தலையில் கட்டிவிட்டு வருவது இரண்டாவது தவறு என்றாள். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. பையன்களும் கெட்டிக்காரர்கள்தான், நிறையச் சான்றுகள் வைத்திருந்தார்கள். ஆனால் குறுக்குக் கேள்வியில் அவளிடம் திணறினார்கள். நான் அவளுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டே வந்தேன். அத்தான் எதுவும் எழுதவில்லை. அவர் பார்வை பின்வரிசையில் இருந்தது. தன் பிள்ளை ஏன் இப்போது வீடு திரும்பக் கூடாது என்று தன் மகளே எடுத்துச் சொல்வதை அந்தத் தாய் கோட்டுப் பைக்குள் கைகளை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

மூவரும் தனித்தனியாகத் தீர்ப்பை எழுதிக் கொடுத்தோம். வக்கீல் ஏதோ ஒரு சான்றின் கணக்கில் பையன்களுக்குப் போட்டிருந்தார். நான் பெண்களுக்கு. அத்தானுடைய ஓட்டில்தான் எல்லாம் நின்றது. ஆளுக்கு ஒரு வரியில் காரணம் சொல்லலாம் என்றார்கள். வக்கீலும் நானும் உட்கார்ந்தபடியே சொன்னோம். அத்தான் எழுந்து நின்றார். இரண்டு அணிகளையும் புகழ்ந்தார். அந்தப் பெண்ணின் ஒவ்வொரு வாதத்தையும் எடுத்து, பதில் சொல்ல முடியாதவை என்றார். அவள் முகம் மலர ஆரம்பித்தது. பிறகு, எத்தனை பெரிய வாதமாக இருந்தாலும் அது ஒரு தாய் தன் பிள்ளைக்காகக் காத்திருப்பதற்கு ஈடாகாது, ஆகவே படைகள் வீடு திரும்பட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். சொல்லிவிட்டு, வழக்கம்போல ஒரு கணம் நிறுத்தினார். யாரும் கைதட்டவில்லை. அந்தப் பெண் கீழே குனிந்து தாள்களைப் பைக்குள் வைத்தாள். அவளுடைய விவாத வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

எல்லோரும் வெளியே போன பிறகு அந்த அம்மா எங்களிடம் வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று அத்தான் நினைத்துவிட்டார். இரண்டு கையையும் நீட்டினார். அவரும் கையைப் பிடித்துக்கொண்டார். கோபமே இல்லாத குரலில், அவள் பேசியதெல்லாம் அவள் அண்ணன் போனில் பேசுவது, அவனும் இதையேதான் சொல்கிறான் என்றார். பிறகு சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: “நானா இருந்தாலும் உங்களை மாதிரிதான் போட்டிருப்பேன். ஆனா நான் அம்மா. நீங்க ஜட்ஜ்.”

திரும்பும்போது ரூட் ஒன் நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்தன. அக்கா மகன் பின் சீட்டில் தூங்கிவிட்டான். ரொம்ப நேரம் கழித்து அத்தான் கேட்டார், “நீ யாருக்குப் போட்ட?”

அந்தப் பெண்ணுக்கு என்றேன்.

“அப்பம் அந்தப் பயலுவ அங்கனயே கெடக்கணும்ங்கியா?”

“அப்படிச் சொல்லல அத்தான். அந்தப் பொண்ணு நல்லாப் பேசுனா.”

“அதத்தான் நானும் கேக்கேன். தங்கச்சி நல்லாப் பேசுனா, அண்ணன் வீட்டுக்கு வரவேண்டாமா?”

விதிப்படி நான் செய்தது சரி, அவர் செய்தது தப்பு. அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தாய் பின்னால் உட்கார்ந்திருப்பது தெரிந்தும், அவர் பிள்ளை அங்கேயே இருக்கட்டும் என்கிற பக்கத்துக்கு நான் நல்ல மதிப்பெண் போட்டுவிட்டு நிம்மதியாகப் பேனாவை மூடியிருக்கிறேன். அது சரி என்றால் எனக்கு ஏன் நெஞ்சு கனத்தது? அவர் செய்தது தப்பு என்றால் எனக்கு ஏன் அவர்மேல் அத்தனை பிரியம் வந்தது? இன்றைக்கும் இது எனக்குக் குழப்பம்தான்.

அதன் பிறகு அத்தான் நடுவர் நாற்காலியில் உட்காரவில்லை. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பேசுகிறேன், தீர்ப்பு மட்டும் கேட்காதீர்கள் என்று தமிழ்ச் சங்கத்தில் சொல்லிவிட்டார். பேஸ்மெண்டில் டாக்டர் அங்கிள் போரைப் பற்றிச் சீண்டினாலும் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவார். எதிராளி இல்லாத டாக்டருக்கும் பேச்சு சுரத்தில்லாமல் போயிற்று.

அடுத்த அதிபர் தேர்தலுக்குள் அவருக்குக் குடியுரிமை வந்துவிட்டது. அந்தத் தேர்தலில் படைகள் திரும்புவது ஒரு பெரிய கேள்வி. முதல் ஓட்டு என்பதால் அக்கா அவருக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்தாள். வேடிக்கை பார்க்க நானும் அவரோடு வாக்குச்சாவடிக்குப் போனேன். திரைக்குப் பின்னால் போனவர் வரவே இல்லை. வரிசையில் நின்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மெஷின் கெட்டுவிட்டதா என்று ஒரு அதிகாரி வந்து விசாரித்தார். கடைசியில் வெளியே வந்து, காருக்கு நடக்கும்போது தானாகவே சொன்னார். “மொதல்ல ஜட்ஜா நின்னு பாத்தேன். முடியல. பெறகு அந்தம்மாவா நின்னு பாத்தேன். அதுவும் முடியல.” யாருக்குப் போட்டார் என்று அக்காவுக்குக்கூட அவர் சொல்லவில்லை.

காலம் ஓடியது. படைகள் திரும்பின. அந்த நாட்டில் மறுபடி நெருப்புப் பற்றியது; திரும்பி வந்திருக்கக் கூடாது என்று சிலர் சொன்னார்கள், போயே இருக்கக் கூடாது என்று சிலர் சொன்னார்கள். அந்தப் பெண்ணும் சரி, அந்தப் பையன்களும் சரி, அன்று அந்த வகுப்பறையில் சொன்னதில் பாதிக்குப் பாதி நடந்துவிட்டது. எந்த அணி ஜெயித்தது என்று யாராவது எனக்குச் சொன்னால் தேவலை.

அத்தானும் அக்காவும் இப்போது பிளானோவில் மகன் வீட்டுப் பக்கத்தில் இருக்கிறார்கள். அவருக்கு எழுபது ஆகிவிட்டது. போன வாரம் போன் செய்தார். டிவியில் வேறொரு நாட்டுக்குப் படை அனுப்புவது பற்றி நான்கு பேர் கத்திக்கொண்டிருந்தார்களாம், அணைத்துவிட்டு வந்தேன் என்றார். மூட்டுவலி, பேரன், டெக்ஸாஸ் வெயில் என்று எதையெதையோ பேசினார். வைக்கப்போகும்போது, “ஏ பிள்ள, அந்தம்மா மகன் பேரு என்ன? ஒனக்கு ஞாபகம் இருக்கா?” என்றார். பேர் தெரிந்தால் கம்ப்யூட்டரில் தேடிப் பார்க்கலாம், ஊர் வந்து சேர்ந்தானா என்று மட்டும் பார்த்தால் போதும் என்றார்.

நான் யோசித்தேன். அந்தப் பெண்ணின் வாதங்கள் ஒவ்வொன்றும் வரிசையாக ஞாபகம் இருந்தன. பையன்கள் எந்தக் கேள்வியில் திணறினார்கள் என்பதும், வக்கீல் சொன்ன காரணமும், அத்தானின் பேச்சு முழுவதும் ஞாபகம் இருந்தன. அவன் பேர் மட்டும் வரவில்லை. மறந்துபோனதால் அல்ல.

“நாம கேக்கவே இல்லியே அத்தான்” என்றேன்.

“ஆமா, கேக்கல” என்றார்.