அடுத்தவன் சங்கிலி

படகைக் கரையில் கட்டும்போது சண்டை போடாத தம்பதி அந்தத் தீவில் கிடையாது. புருஷன் முன்பக்கம் நின்று கத்துவான், பெண்டாட்டி சுக்கானிலிருந்து திருப்பிக் கொடுப்பாள். காப்பிக்கடையில் நாற்காலிகளைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிப் போட்டிருப்பதே இந்தக் கூத்தைப் பார்க்கத்தான். அங்கே உட்கார்ந்து பார்ப்பவர்களை ஏமாற்றியது யாக்குமிஸும் அவன் பெண்டாட்டி சம்பேத்தாவும் மட்டுமே. வீட்டில் உப்புக்கும் புளிக்கும் மல்லுக்கு நிற்பவர்கள், துறைக்குள் நுழைந்தால் வாய் திறக்க மாட்டார்கள். சம்பேத்தா கையைத் தூக்குவாள், யாக்குமிஸ் நங்கூரத்தை விடுவான், அவ்வளவுதான்.

கையகலத் துறை அது. கரையிலிருந்து தள்ளி நங்கூரத்தைப் போட்டு, கயிற்றை விட்டுக்கொண்டே பின்னால் வந்து, பின்பக்கத்தைக் கல்கரையில் கட்ட வேண்டும். அடுத்தவன் நங்கூரச் சங்கிலிமேல் நங்கூரம் போடுவது அடுத்தவன் தட்டில் கைவைப்பதற்குச் சமம். அப்படிப் போட்டவர்களின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவதில் யாக்குமிஸ் பேர்போனவன்.

அன்று மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் தெற்குக் காற்று கிளம்பியது. பயந்த படகெல்லாம் உள்ளே வந்து அடைந்துகொண்டன. கடைசியாக வந்தது இவர்கள் படகு. மோட்டார் கிடையாது, பாய் மட்டும்தான். உள்ளே விற்பதற்கு சிஃப்னோஸ் தீவின் மண்பானைகள். காற்று நேராகக் கரையை நோக்கித் தள்ளியது. கல்லில் மோதினால் படகும் போச்சு, பானையும் போச்சு. வேறு சொத்து அவர்களுக்கு இல்லை.

சம்பேத்தா ஒவ்வொரு படகின் மூக்கிலிருந்தும் சங்கிலி எந்தப் பக்கம் சாய்ந்து இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரே ஒரு இடைவெளி இருந்தது. பளிங்குக்கல் ஏற்றும் ஸ்தாத்திஸின் பெரிய படகுக்குப் பக்கத்தில். அவனுடைய சங்கிலி அதற்குக் குறுக்கே போயிருந்தது. அதைத் தாண்டுவதற்கு முன்பே படகைக் காற்றுக்கு எதிராகத் திருப்பிக் கையைத் தூக்கினாள்.

யாக்குமிஸ் நங்கூரத்தை விடவில்லை.

"இங்க போட்டா ஸ்தாத்திஸ் சங்கிலியில மாட்டும்டி."

"மாட்டட்டும். போடு."

"ஊரே காறித் துப்பும்."

"போடுய்யா."

போட்டான். பாயை இறக்கினார்கள். படகு பின்னால் நழுவியது. அடியில் நங்கூரம் கல்லில் உரசிக்கொண்டே வருவதைக் கயிற்றைப் பிடித்த கையில் உணர்ந்தான். அது எதையும் பிடிக்கவில்லை. கரை நெருங்கியது. அப்போது கயிறு வெடுக்கென்று இழுத்து விறைத்தது. பானைகள் ஒன்றோடொன்று உரசிய சத்தம் கேட்டது. பிறகு கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். அந்த இடைவெளிக்குள், கல்லுக்கு ஒரு முழம் முன்னால், படகு நின்றது.

காப்பிக்கடையில் ஒருவரும் கோப்பையைத் தொடவில்லை. ஸ்தாத்திஸ்தான் கத்திக்கொண்டு ஓடி வந்தான்.

"எவன்டா என் சங்கிலியில தொங்குறது? யாக்குமிஸ், உனக்கே இது அடுக்குமா?"

சுக்கானிலிருந்து சம்பேத்தா பேசினாள்.

"நான்தான் போடச் சொன்னேன், கேப்டன். இந்தக் காத்துக்கு எங்க நங்கூரம் அந்தப் பாறையில பிடிக்காது. உங்க சங்கிலி பளிங்குக்கல்லையே நிறுத்தி வச்சிருக்கு, நாலு பானையவா விட்டுடும்? காத்து நின்னதும் நானே எடுத்து விடுறேன்."

ஸ்தாத்திஸ் கடலைப் பார்த்தான். விறைத்து நின்ற கயிற்றைப் பார்த்தான். இத்தனை படகுகளுக்கு நடுவே, அந்தக் காற்றில், தண்ணீருக்கடியில் கிடந்த தன் சங்கிலியை ஒருத்தி தேடிப் பிடித்திருக்கிறாள் என்பது அவனுக்கு மெல்லத்தான் உறைத்தது.

"கிடக்கட்டும்மா," என்றான். "கயித்தைப் போடு, நான் கட்டுறேன்."

யாக்குமிஸ் பின்பக்கம் வந்தான். இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவளை நெருங்க அவனுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. சர்ச்சுக்குள்கூட அவன் அவ்வளவு பயபக்தியோடு நின்றதில்லை. அவள் இன்னும் சுக்கானை விடவில்லை. விரல்கள் வெளுத்திருந்தன.

"சம்பேத்தா, கட்டியாச்சு."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்."

அவள் கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. அவன் குனிந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து விட்டான்.