பெட்டி இன்னும் வரல லா

இன்று காலை முழுக்க சாங்கி விமான நிலையத்தில் நின்றேன். அக்கா சென்னையிலிருந்து ஒரு விமானம், தம்பி மெல்பர்னிலிருந்து இன்னொன்று. இரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எல்லா ஏற்பாட்டையும் தனித்தனியாகச் சொன்னது நடுவில் இருக்கும் நான்தான்.

இரண்டு விமானமும் இறங்கி ஒன்றரை மணி நேரமாகியும் ஆளைக் காணோம்.

தம்பிக்குப் போன் அடித்தேன்.

"பெட்டி இன்னும் வரல லா. நீ அங்கயே நில்லு சின்னக்கா."

பெட்டி எடுக்கும் இடத்தில் யார் "முட்டை பரோட்டா ரெண்டு" என்று கத்துகிறார்கள்?

அக்காவுக்கு அடித்தேன்.

"பெட்டி இன்னும் வரல லா."

கல்யாணமாகிச் சென்னை போனதிலிருந்து நம் சிங்கப்பூர் "லா"வைக் கேட்டாலே சிரிப்பவள் அக்கா. அவளுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது?

"அக்கா, பக்கத்துல யாரு?"

போன் கைமாறியது. பிறகு தம்பியின் குரல்.

"சிராங்கூன் ரோட்டுப் பரோட்டாக் கடையில இருக்கோம். உனக்கும் ஒரு பரோட்டா சொல்லவா சின்னக்கா?"

இரண்டு வருடம் பேசாதவர்கள் பேசியதும் செய்த முதல் காரியம், சேர்ந்து என்னிடம் பொய் சொன்னது.

சந்தோஷப்படுவதா, சண்டை போடுவதா? ரயிலில் இருக்கிறேன். போய்ச் சேர்வதற்குள் யாராவது சொல்லுங்கள்.