அறைக்குள் மாறாத எண்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு மையத்தில் அவளைக் குழாயக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓடும் வண்டிகளிலிருந்து வரும் இதய ஸ்கேன் படங்கள் டாக்டரின் திரைக்குத் தங்குதடையில்லாமல் வந்து சேர வேண்டும். அது அவள் பொறுப்பு. "குழாய்க்குக் கீழ வாளி வைக்கிற உத்தியோகம்" என்று அவள் கணவர் உறவுக்காரர்களிடம் சொல்வார். கேலிதான், ஆனால் தப்பில்லை. வரும் தரவை, கணினி இயங்குதளத்தின் மையமான கெர்னல் கொஞ்சநேரம் பிடித்துவைக்கும் இடம்தான் பஃபர்; அது வாளி மாதிரித்தான். வாளி சின்னதென்றால் அனுப்புகிற பக்கம் நின்று நின்றுதான் அனுப்பும். தூரத்து வண்டிகளின் படங்கள் சில நாட்களாக அப்படித்தான் திக்கிக்கொண்டிருந்தன.

அவளுடைய மென்பொருள் ஓடுவது ஒரு கன்டெய்னருக்குள். பெரிய சர்வர் இயந்திரத்தில் தடுத்துக் கொடுத்த ஓர் அறை என்று சொல்லலாம். பஃபரின் அளவை உள்ளிருந்து பார்க்கலாம், தொட முடியாது. இயந்திரத்தைப் பராமரிப்பவருக்கு வீட்டுக்காரர் என்றே பெயர். அவரிடம் நடையாய் நடந்தாள்.

"உள்ளேயே மாத்திக்க விடுங்க சார்."

"உனக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்மா. குடியிருக்கிறவங்க சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது."

"உசுரு விஷயம் சார்."

ஒரு மதியம் மனமிரங்கி, இயந்திரம் முழுவதற்குமான பஃபர் அளவின் எண்ணை அவரே உயர்த்தினார். அவருடைய திரையில் அதைப் பார்த்த பூரிப்பில், "சரியாப் போச்சு டாக்டர்" என்று சொல்லிவிட்டாள். தன் அறைக்குள் போய்ப் பார்க்கவில்லை.

மாலையில், மலைப்பாதையில் வரும் வண்டியில் மூச்சுத் திணறும் ஒரு பெண். எந்த ஊசி என்பதைப் படத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். படம் பாதித் துடிப்பில் உறைந்தது.

"சரியாப் போச்சுன்னீங்களே, குழாயக்கா! நின்னது படமா, நெஞ்சா?" என்று டாக்டர் கத்தினார்.

உள்ளே பார்த்தாள். பழைய எண். கன்டெய்னர் பிறக்கும்போது வெளியே இருந்த அளவைப் படியெடுத்துக்கொள்ளும். அப்புறம் வெளியே என்ன மாறினாலும் அதற்குத் தெரியாது. இது அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்திருப்பது வேறு, வேண்டிய நேரத்தில் தோன்றுவது வேறு.

"அறையைக் கலைச்சுப் புதுசாப் போடணும் டாக்டர். எல்லாப் படமும் அறுந்துடும். திரும்ப வரணும்னா வண்டியில நர்ஸ் பட்டனை அழுத்தணும்."

"இப்ப மட்டும் என்ன வாழுது? அறுங்க."

அறுத்தாள். அறை மறுபடி எழுந்தது. மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு திக்கல் இல்லை. மலைவண்டியின் கட்டம் மட்டும் கறுப்பாகவே கிடந்தது. டாக்டர் போனை எடுத்தார்.

"பட்டனை அழுத்தும்மா!"

"எந்தக் கையால சார்?" ஸ்பீக்கரில் நர்ஸின் குரல் இரைத்தது. "மூச்சு நின்னுடுச்சு. ரெண்டு கையும் அவங்க நெஞ்சு மேல இருக்கு."

டாக்டர் ஒரு கணம் கண்ணை மூடினார். "கையை எடுக்காத. சத்தமா எண்ணிக்கிட்டே அழுத்து."

அறைக்குள் எண் இப்போது சரியாக இருந்தது. குழாயக்கா செய்வதற்கு இனி ஒன்றுமில்லை. விசைப்பலகையிலிருந்து கையை எடுக்காமல் நின்றாள். நர்ஸ் முப்பதுவரை எண்ணினாள்; மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.